கோட்டை வாசலில் நின்றவர்கள்

“கணக்கு சரியா இருக்கும்மா. மனசுதான் சரியா இல்ல. ஏன்?”

கேட்டவர் வைத்திலிங்கம். அரண்மனையில் ஆள்கணக்கு எடுக்கும் அதிகாரி. தலை நரைத்தவர், கணக்கில் ஒருநாளும் பிசகாதவர், அதில் கொஞ்சம் கர்வமும் உள்ளவர்.

பதில் சொல்ல வேண்டியவர் ஆற்றங்கரை மடத்தின் உமையம்மையார். வயதில் வைத்திலிங்கத்துக்கு இளையவர்தான். ஆனாலும் அவரைத்தான் வைத்திலிங்கம் குருவாக ஏற்றிருந்தார்.

மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மையார் நிமிர்ந்து பார்த்தார்.

“உக்காருங்க கணக்கரே. முதல்லேர்ந்து சொல்லுங்க.”

வைத்திலிங்கம் சொன்னார்.

இரண்டு வருடமாக அந்த நாட்டில் மழை பொய்த்துவிட்டது. கோபுர வேலை நின்றது, தறிகள் ஓய்ந்தன. வேலை இல்லாதவர்களுக்காக ராஜா கோட்டைக்கு வெளியே கஞ்சித்தொட்டி திறந்தார். அவர்கள் குறைந்துபோனால் அடுப்பை அணைத்துவிடலாம் என்றும் சொல்லிவைத்தார். குறைந்தார்களா இல்லையா என்று எண்ணிச் சொல்வது வைத்திலிங்கத்தின் பொறுப்பு.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வேலை தேடுபவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் கோட்டை வாசலில் வந்து நிற்க வேண்டும். வராதவருக்கு வேலை தேவையில்லை என்று அர்த்தம். வந்தவரிடம் ஒரு கேள்வி: இந்த வாரத்தில் ஒரு நாழிகையாவது வேலை செய்தாயா? செய்தேன் என்றால் அவர் வேலையுள்ளவர். இல்லை என்பவர் மட்டுமே வேலையில்லாதவர்.

சுத்தமான முறை. பக்கத்து நாட்டு ராஜாகூட ஆள் அனுப்பிக் கற்றுக்கொண்டு போனார்.

“போன வருஷம் வாசல்ல எள்ளு போட்டா எள்ளு விழாதும்மா. இப்ப நாலஞ்சு பேர்தான் நிக்கிறாங்க. பௌர்ணமியன்னிக்கு ராஜா இங்க உங்களைப் பாக்க வர்றார். அப்பவே கணக்கைச் சொல்லணும்னு உத்தரவு. நான் சொன்னா அடுப்பு அணைஞ்சிரும்.”

“சந்தோஷமான சேதிதானே?”

வைத்திலிங்கத்தின் குரல் இறங்கியது.

“நேத்து கஞ்சித்தொட்டிப் பக்கம் போனேன். வரிசை கோட்டைச் சுவரைச் சுத்தி நிக்குது. அதுல என் தங்கச்சி. முந்தானையால முகத்தை மூடிக்கிட்டு, கையில பானையோட.”

“அவ வீட்டுக்காரர்?”

“மாசிலாமணி. கல்தச்சர். கோபுரம் நின்னதுலேர்ந்து உளி எடுக்கல. நான் கொடுத்தா ஒரு பிடி அரிசி வாங்க மாட்டார், ரோஷக்காரர். அந்தக் கஞ்சியிலதான் குழந்தைங்க உயிரு ஓடுது.”

“அவர் உங்க கணக்குல இருக்காரா?”

“இல்லம்மா. முதல்ல வந்து நின்னார். அந்த வாரம் யாருக்கோ அம்மி கொத்திக் கொடுத்திருந்தார். ஒரு நாழிகை வேலை. வேலையுள்ளவர்னு சேத்தாச்சு. அப்புறம் கொஞ்ச நாள் வந்தார். பிறகு வர்றதையே விட்டுட்டார்.”

“ஏனாம்?”

“கேக்கல. அது முறையில இல்ல.”

அம்மையார் மொச்சைத் தோலை முறத்தின் ஓரமாக ஒதுக்கினார்.

“நாளைக்கு வாங்க. பதில் சொல்றேன்.”

மறுநாள் விடிந்ததும் வைத்திலிங்கம் வந்து நின்றார்.

“பாருங்க,” என்றார் அம்மையார். அவ்வளவுதான். மடத்தின் கதவு சாத்திக்கொண்டது.

எதைப் பார்ப்பது? யாரைப் பார்ப்பது? கதவுக்கு வெளியே நின்று கேட்டார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

அதற்கடுத்த நாளும் வந்தார். கதவு திறக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. மாடு ஓட்டிக்கொண்டு போனவர் ஒருவர், “என்ன சாமி, இன்னிக்கும் திறக்கலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். வைத்திலிங்கத்துக்கு மானம் போனது.

இன்னும் சில நாள் வந்தார். பிறகு ஒரு காலை குளித்து, திருநீறு பூசி, மேல்துண்டு போட்டுக்கொண்டு தெருமுனை வரை போனவர் அப்படியே திரும்பிவிட்டார்.

“ஏன், மடத்துக்குப் போகலையா?” என்றாள் மனைவி.

“போய் என்ன ஆகப்போவுது?”

அதன்பின் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. கேள்வி மட்டும் நெஞ்சில் கிடந்து குடைந்தது. தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. கணக்கைச் சொல்லிவிட்டுப் போவோம், நம் வேலை அதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனசு அதை ஏற்கவில்லை.

பௌர்ணமி வந்தது. மேளதாளத்தோடு ராஜாவும் வந்தார். மடத்து முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். கணக்குச் சொல்ல வேண்டியவர் என்பதால் வைத்திலிங்கமும் ஒரு ஓரமாக நின்றார்.

ராஜா வணங்கிவிட்டுக் கேட்டார். “மடத்துல எல்லாரும் சௌக்கியமா? சீடர்களுக்கு ஏதாவது குறை உண்டா?”

“ஒரு குறையும் இல்ல. யாருக்கும் ஒரு சந்தேகமும் பாக்கி இல்ல. உங்க கணக்கர்கூடப் பெரிய கேள்வியோட வந்தார். அவருக்கும் தீந்துபோச்சு.”

வைத்திலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராஜா இருப்பதையே மறந்துபோனார்.

“யாருக்குத் தீந்துச்சு? எனக்கா? கதவைச் சாத்திட்டு இப்படிச் சொல்றீங்களே, நியாயமா?”

“பதில் சொன்னேனே.”

“ஒரே ஒரு சொல்லும்மா! அது ஒரு பதிலா?”

“போதலன்னா மறுபடி வந்து கேட்டிருப்பீங்க.”

“வந்தேனே! இந்த வாசல்ல வெயில்ல காஞ்சேனே!”

“அப்புறம்?”

“அப்புறம்... வரல.”

“அதான். வாசல்ல யாரும் இல்ல. தீந்துபோச்சுன்னு வச்சுக்கிட்டேன்.”

கோட்டை வாசலுக்கு வருவதை விட்டுவிட்ட மாசிலாமணி வைத்திலிங்கத்தின் நினைவுக்கு வந்தார். உடம்பெல்லாம் கூசியது. இத்தனை பேர் நடுவில் அவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ராஜாக்களுக்கு அது பழக்கம்தான்.

“அது கிடக்கட்டும் கணக்கரே. நம்ம விஷயத்துக்கு வாரும். அடுப்பை அணைச்சிடலாமா?”

“எரியட்டும் மகாராஜா. நான் இன்னும் எண்ணி முடிக்கல.”

“போன வெள்ளிக்கிழமையே வாசல்ல எண்ணியாச்சுன்னு சொன்னாங்களே?”

வைத்திலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“வாசல்ல எண்ணியாச்சு. வீட்டுக்கு வீடு இன்னும் போகல. முதல் வீடு என் தங்கச்சி வீடு.”