கார்த்திகை மாதத்து மாம்பழ வாசம்

"என் மகளைப் பேய் பிடிச்சிருக்கு சாமி," என்றார் லிங்கதுரை.

சாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நீங்கதான் விரட்டணும்."

"உக்காருங்க அண்ணாச்சி," என்றார் சாமி.

லிங்கதுரைக்கு ஐம்பது தாண்டியாயிற்று. சாமிக்கு நாற்பதுகூட இருக்காது. தேரிக்காட்டுச் செம்மணலுக்கு நடுவே, சாஸ்தா கோயிலை ஒட்டி ஓலைக் கூரை போட்டுத் தனியாகக் கிடக்கிற மனுசன். சனிக்கிழமைதோறும் லிங்கதுரை தன் கடையிலிருந்து அரிசி, பருப்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். சின்ன வயசுக்காரனைக் குருவாகப் பிடித்தவர் என்று ஊரில் கேலி உண்டு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அன்றைக்கு அரிசியும் இல்லை, பருப்பும் இல்லை. செருப்புப் போடக்கூட மறந்து வந்திருந்தார்.

விஷயம் இதுதான். கார்த்திகை பிறந்ததிலிருந்து ஊருக்குள் மாம்பழ வாசம் அடிக்கிறது.

கார்த்திகையில் ஏது மாம்பழம்? ஆனாலும் அடித்தது. உச்சிவேளையில் எங்கிருந்தோ கம்மென்று கிளம்பும், தெருவைக் கடக்கும், போய்விடும். இன்னொரு நாள் வேறு வாசம், ஊரில் ஒருத்தருக்கும் பேர் தெரியாத ஏதோ ஒரு பழம்.

எங்கிருந்து வருகிறதென்று மோந்துகொண்டே போனால் ஊருக்கு மேற்கே வற்றிப்போன கிணறு. அதை ஒட்டிப் பாழடைந்த மோட்டார் ரூம். அதற்குக் கரண்டு இணைப்பை அறுத்து வருசக்கணக்காகிறது. அதற்குள் நீலமாக மினுக் மினுக்கென்று என்னமோ எரிவதை ஆடு மேய்க்கப் போனவள் பார்த்தாள். கதவிடுக்கில் வெள்ளையாக மூச்சு வந்து வந்து போனதாம். ஆட்டை விட்டுவிட்டு ஓடிவந்தவள் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

அவ்வளவுதான். அந்தக் கிணற்றில் எந்தக் காலத்திலோ ஒருத்தி விழுந்து செத்தாளாம். மாம்பழத்துக்கு ஆசைப்பட்டு, அது கிடைக்காமலே செத்தாளாம். யார் பார்த்தது? ஒருத்தரும் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் நீங்களே ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாங்க சார் என்றார்கள். அவர் நாலு மணி பஸ்ஸைப் பிடித்து டவுனுக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமைதோறும் கிணற்று மேட்டில் படையல் வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் இலை காலியாகிவிடும். வாழைப்பழத் தோல் மட்டும் கிடக்கும். தின்கிற பேய் என்றதும் பயம் இரட்டிப்பாயிற்று. மேற்கே போகிற பாதையையே உடைமுள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள். பெரியவர்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

இதெல்லாம் ஊருடைய பயம். லிங்கதுரையின் பயம் வேறு.

ஒரே மகள், தர்ஷிகா. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறாள், அப்புறம் தனியாக உட்கார்ந்து அழுகிறாள். தண்ணீர்ச் செம்பைப் பிடித்தால் விரல் நடுங்குகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முந்தின நாள் விடியற்காலை அவள் இருமுகிற சத்தம் கேட்டு அம்மாக்காரி போய்ப் போர்வையை விலக்கியிருக்கிறாள்.

மகளுடைய மூச்சில் மாம்பழ வாசம்.

பேயோட்டுகிற கோடாங்கி வந்து உடுக்கடித்துப் பார்த்தார். பேய் வாயைத் திறக்கவே இல்லை. அழுத்தமான பேய், வருகிற செவ்வாய்க்கிழமை கையில் சூடு போட்டால் தன்னால் அலறிக்கொண்டு ஓடும் என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் கையில் சூடு போட லிங்கதுரையால் ஆகாது. போடாமல் விட்டுப் பிள்ளை செத்துப்போனால் என்ற பயமும் விடவில்லை.

எல்லாவற்றையும் கொட்டி முடித்துவிட்டு, ஒரு கயிறாவது மந்திரித்துக் கொடுங்கள் என்று கையை நீட்டினார்.

சாமி எழுந்து வந்தார். நீட்டின கையைப் பார்க்கவே இல்லை. தன் உள்ளங்கையால் லிங்கதுரையின் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினார்.

ஏதோ விளையாட்டு என்றுதான் லிங்கதுரை முதலில் நினைத்தார்.

கை விலகவில்லை.

திமிறினார். காதுக்குள் இரைந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாமியின் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. மணல்மேட்டில் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

செத்தோம் என்று நினைத்த நேரத்தில் சாமி கையை எடுத்தார்.

"இப்ப யாரைக் கூப்பிட்டீங்க அண்ணாச்சி?"

"மூச்சே இல்ல சாமி. எங்க கூப்பிட?"

"ம்," என்றார் சாமி. திரும்பவும் அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

அங்கிருந்தபடியே கேட்டார். "பேய்கிட்ட பேசுனது யாரு?"

"கோடாங்கிதான்."

"நீங்க?"

"நான் என்னத்தப் பேச?"

"என்ன கேக்கணும்னு தெரியும்லா?"

தெரியும். அந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கோடாங்கி கேட்பது எப்போதும் மூன்றே கேள்விதான். நீ யாரு? எங்க வச்சுப் பிடிச்ச? எப்ப விட்டுட்டுப் போவ?

"நாளைக்கு உச்சிக்கு மோட்டார் ரூமுக்குப் போங்க," என்றார் சாமி. "நீங்களே கேளுங்க. வேப்பிலை வேண்டாம், பிரம்பு வேண்டாம். கை தட்டுப்பட்டா பிடிச்சுக்கிடுங்க. என்ன பதில் வந்தாலும் கையை விட்டுராதீங்க."

"பயமா இருக்கு சாமி."

"இருக்கட்டும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லிங்கதுரை கடையைத் திறந்தாரே தவிர வியாபாரத்தில் மனசு ஓடவில்லை. கூட்டாளி வீட்டில் படிக்கப் போகிறேன் என்று மகள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். அவள் படிக்கிற பிள்ளை, தடுக்க மனசு வரவில்லை.

டவுனிலிருந்து பார்சல் கொண்டுவருகிற வேன் மணலில் சிக்கிக்கொள்ளும் என்று தெருவுக்குள் வராது. ஊருக்கு வருகிற பார்சல் எல்லாம் லிங்கதுரை கடையில்தான் இறங்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இப்போதெல்லாம் சின்னச் சின்னப் பெட்டியாக, எடையே இல்லாமல், பிள்ளைகள் பேருக்குத்தான் நிறைய வருகிறது. தர்ஷிகா பேருக்கும் வரும். பென் டிரைவுப்பா, கம்ப்யூட்டர் கிளாசுக்கு என்பாள். அவரே கூப்பிட்டு அவள் கையில் கொடுப்பார்.

உச்சி நெருங்கியது. கடையைச் சாத்திவிட்டு மேற்கே நடந்தார்.

பாதையை அடைத்த முள் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. ஆள் நுழைகிற அளவுக்கு வழி இருந்தது. பேய்க்கு எதற்கு வழி என்று நின்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. சாஸ்தாவை நினைத்துக்கொண்டு நுழைந்தார்.

மோட்டார் ரூம் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஒரே இருட்டு. ஜன்னலை யாரோ தகரம் வைத்து மறைத்திருந்தார்கள். மாம்பழ வாசம் தொண்டையை அடைத்தது.

ஒரு நீல வெளிச்சம் எரிந்து அணைந்தது.

அப்பால் இன்னொன்று. மூலையில் மற்றொன்று.

ஈரமாக ஒரு வெள்ளை மூச்சு வந்து அவர் முகத்தில் பட்டது. ஓடிவிடத்தான் நினைத்தார். கால் கேட்கவில்லை. கத்த நினைத்தார். சத்தம் வரவில்லை. நேற்றைக்கு வாயைப் பொத்திய அந்த உள்ளங்கை ஞாபகம் வந்தது.

இருட்டுக்குள் கையை நீட்டினார். ஒரு கை தட்டுப்பட்டது.

சின்னக் கை. ஜில்லென்று இருந்தது, நடுங்கியது. பிடித்துக்கொண்டார். அது முறுக்கியது, இழுத்தது. அவர் விடவில்லை.

"யாரு நீ?"

என்னமோ கீழே விழுந்து உருண்டு அவர் காலடியில் வந்து நின்றது. அதன் நுனியில் நீலம் எரிந்தது.

"யாருன்னு கேக்கேன்லா?"

"நான்தாம்ப்பா."

லிங்கதுரைக்கு ஆத்திரம் வந்தது, அடிக்கக் கை எழுந்தது. எழுந்த கையைக் கீழே கொண்டுவந்து அந்தச் சாமானை எடுத்தார். விரல் நீளம் இருந்தது. அந்த நீல வெளிச்சத்தில் மேலே மாம்பழப் படம் தெரிந்தது. மகளுடைய மேசையில் புத்தகத்துக்குப் பக்கத்தில் எத்தனையோ தடவை பார்த்ததுதான்.

"என்னம்மா இது?"

"வேப்பு. இழுத்தா புகை வரும்ப்பா. சார்ஜு போடுற சிகரெட்டு மாதிரிதான்."

பிடித்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். இரண்டாவது கேள்வி வாயில் தானாக வந்தது.

"எங்க வச்சும்மா பிடிச்சுது?"

"நம்ம கடையில வச்சுத்தாம்ப்பா. பார்சலை நீங்கதான் என் கையில தந்தீங்க."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை சூடு போடப்போவதாக அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தீர்களே என்றாள்.

"அப்பா, எங்க சொல்ல?"

இருமல் வந்துவிட்டது. குனிந்து குனிந்து இருமினாள். மாம்பழ வாசம் அவளோடு சேர்ந்து இருமியது. இருமல் நிற்கிறவரை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்கும்போது அவருக்கே அழுகை வந்துவிட்டது.

"எப்பம்மா விடுவ?"

"நான் தினமும் விடத்தான் செய்யுதேன். அதுதான் என்னைய விடமாட்டேங்குப்பா."

சுற்றிலும் எரிந்துகொண்டிருந்த நீலங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

இருட்டுக்குள்ளிருந்து இன்னொரு சின்னக் கை வந்து அவர் சட்டை நுனியைப் பிடித்தது.

"எங்களையும்தான் மாமா."