குமுதவல்லியின் கல்

வட இங்கிலாந்தின் அந்த மேட்டுநிலத்தில் மரம் கிடையாது. காற்று உண்டு, ஆடு உண்டு, முழங்காலளவு ஹெதர் புதர் உண்டு. நடுநடுவே கரும்பாறைகள். பெரிய பாறை எதைக் காட்டினாலும் பிசாசு எறிந்தது என்பார்கள் அந்தப் பக்கத்துக்காரர்கள். நம் பக்கமாக இருந்தால் பீமன் எறிந்திருப்பான். பாறைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சுகந்தினி அந்த மேட்டில் முன்னே நடந்தாள். வைத்திலிங்கம் பின்னே நடந்தார்.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. காரைநகர்க்காரி. வாரநாட்களில் மருத்துவமனைச் சமையலறையில் வேலை. வார இறுதியில் மேட்டுப் பாதைகளைப் பராமரிக்கும் தொண்டர். அவருக்கு அறுபத்தெட்டு. மன்னார்குடிக் கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். கோடைதோறும் இங்கே மகள் வீட்டுக்கு வருபவர். இருவரில் சீடர் அவர்தான்.

அவர் சீடரான கதை போன வருடம் நடந்தது. மூடுபனியில் வழி தவறியவர், யாரோ குவித்து வைத்த கற்களைப் பாதையின் அடையாளம் என்று நம்பிப் போய், சதுப்பின் விளிம்பில் நின்றிருந்தார். விசில் ஊதிக்கொண்டே வந்து சுகந்தினிதான் மீட்டாள்.

"எந்த மடையன் அந்த இடத்துல கல்லை அடுக்கினான்?" என்றார், பல் கிட்டித்தபடி.

"மடையர் என்னத்துக்குக் கல்லுத் தூக்கப் போகினம்? ஆரோ நல்ல மனுசராத்தான் இருக்கும்."

மூன்று நாள் அந்தப் பதிலை மென்றார். நான்காம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "குருவே" என்றார். "பிழையான நம்பர்" என்று அவள் வைத்துவிட்டாள். அவர் திரும்பவும் கூப்பிட்டார்.

இன்று அவர் முகத்தில் ஒரு ரகசியக் களை இருந்தது.

"குருவே, ஒரு கேள்வி."

"ஏத்தம் முடியட்டும் ஐயா. மூச்சு மிஞ்சும்."

"மேல போனா கேள்வி மறந்துடும். போய்ச் சேர்ந்தவங்களுக்கு நாம என்னதான் செய்யணும்? திவசம் கொடுத்தாச்சு. படம் மாட்டியாச்சு. மாலையைக்கூட மாசாமாசம் மாத்தறேன். மனசு ஆறலையே."

சுகந்தினி நடந்துகொண்டே இருந்தாள். போனவர் யார் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்பு அவர் மனைவி குமுதவல்லி இந்த மேட்டுக்கு வந்தாள். கிழவிப் பாறை என்று இங்கே பெயர்பெற்ற பாறை இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் மூக்கும் மோவாயும் தெரியும். அதற்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை சாப்பிட்டாள். "இங்கேயே இருந்துடலாம் போல இருக்கு" என்றாள். எந்த வீட்டையும் பார்த்து அவள் அப்படிச் சொன்னதில்லை, வைத்திலிங்கம் கட்டிய வீடு உட்பட. அடுத்த வருடம் போய்விட்டாள். அந்த இடத்தைத் தேடி வந்துதான் அவர் பனியில் மாட்டிக்கொண்டார்.

"நம்ம முன்னோர்கள் என்ன செஞ்சாங்க தெரியுமா? கல் நட்டாங்க. நடுகல். நீராட்டி, பேர் எழுதி, பூ வெச்சு."

"அது வீரருக்கெல்லோ?"

"வீரருக்குத்தான். மாடு மீட்கப் போய் மாண்டவங்களுக்கு."

"அம்மா மாடு மீட்டவவோ?"

"அவளா! மாட்டைக் கண்டா எதிர்ப்பக்கம் போயிடுவா. செம்மறி ஆட்டுக்கே என் பின்னால ஒளிஞ்சவ." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆனாலும் நட்டுட்டேன் குருவே. மே மாசம் வந்த உடனே. ஏழு கல், ஒண்ணு மேல ஒண்ணு. சொல்லாம வெச்சிருந்தேன். அதைக் காட்டத்தான் இன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

சுகந்தினி நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டாள்.

அந்த மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாதை பிரியும் இடங்களில் கற்களைக் குவித்து வைத்திருப்பார்கள். பனி இறங்கினால் அதுதான் கண். கடந்துபோகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைக் குனிந்தெடுத்து மேலே வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. எல்லோரும் செய்வார்கள்.

கிழவிப் பாறையைத் தாண்டியதும் வைத்திலிங்கம் நின்றுவிட்டார். பாதையிலிருந்து நாற்பதடி தள்ளி அவர் வைத்த ஏழு கல், இடுப்பளவு உயர்ந்திருந்தது.

"குருவே! பாருங்க! நூறு கல் இருக்கும். யார் யாரோ… பேரே தெரியாதவங்க… அவளுக்கு!" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாதைகூடப் போட்டிருக்காங்க!"

உண்மைதான். ஹெதர் புதரை மிதித்து ஒரு புதிய ஒற்றையடிப் பாதை குவியலை நோக்கிப் போயிருந்தது. அதில் அவர் ஏறக்குறைய ஓடினார்.

குவியலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆங்கிலேயப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கால் தொடைவரை கரிய சேறு. கணவன் அவள் பூட்ஸைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான், சேறு சொட்டிற்று. அவர்களுக்குப் பின்னால் சதுப்பை மூடிப் பச்சைப்பசேலென்று பாசி, தண்ணீர் தெளித்த புல்தரை போல. அதில் ஒரு கறுப்புக் குழி.

"நல்லவேளை, இவர் கையைப் பிடித்துவிட்டார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் அந்தப் பெண். சிரிக்கத்தான் பார்த்தாள். "கற்களைப் பார்த்ததும் இதுதான் பாதை என்று நினைத்துவிட்டோம். யார் வைத்தார்களோ, அழகாக இருக்கிறது, இல்லையா? நானும் ஒன்று வைத்தேன்."

வைத்திலிங்கம் அந்தக் கறுப்புக் குழியைப் பார்த்தார்.

சுகந்தினி பையிலிருந்து உலர்ந்த காலுறை எடுத்துக் கொடுத்தாள். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள். பாதைவரை கூடவே போய், எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று கை காட்டிவிட்டு வந்தாள். கற்களைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றார் அவர்.

"போன ஞாயிறுதான் கண்டனான்."

"அப்பவே கலைச்சிருக்கலாமே? உங்க வேலையே அதுதானே?"

"அடிக்கல்லில குங்குமம் கிடந்தது. இந்த மலைக்குக் குங்குமம் கொண்டு வாற ஆள் ஒருத்தர்தானே."

"அதுக்காக?"

"பாதையை மறிச்சுக் கயிறு கட்டினனான், ஆடு கடிச்சுப் போட்டுது. வேலை முடிஞ்சு பின்னேரம் பின்னேரம் வந்து இதில நிண்டு, வந்த ஆக்களைத் திருப்பி விட்டனான். இண்டைக்கு உங்களோட வர வெளிக்கிட்டதில பிந்திப் போச்சு."

வைத்திலிங்கம் தான் நட்டதைப் பார்த்தபடி நின்றார்.

"எடுத்துடட்டுமா, குருவே?"

"என்னைக் கேட்டோ வச்சனீங்கள்?"

மேல் கல்லைத் தூக்கினார். அந்தப் பெண் வைத்த கல்லாக இருக்கலாம், சேறு ஒட்டியிருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார்.

சுகந்தினி மோவாயால் கீழே காட்டினாள். பாறைக்கு அந்தப் பக்கம், பாதை இரண்டாகப் பிரிகிற இடம்.

"போன வருசம் நீங்கள் வழி பிழைச்ச சந்தி. அங்க இருந்த குவியல் பழசு. மாரியில சரிஞ்சு போச்சு."

இருநூறு அடி தூரம். இருவரும் சுமந்தார்கள். எத்தனை நடை என்று முதலில் எண்ணினார், சரித்திரக்காரர் அல்லவா, பிறகு விட்டுவிட்டார். நடுவில் ஒருமுறை உட்கார்ந்தார்.

"உங்க ஊர்ல மலையே கிடையாதே. இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கட ஊரில உயரமான இடம் கிணத்துக்கட்டுத்தான் ஐயா. எழும்புங்கோ, பனி இறங்குது."

கடைசியில் அடிக்கற்கள் வந்தன. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வியாழக்கிழமை பெய்த மழை குங்குமத்தைக் கழுவியிருந்தது. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே ஈரம்.

சந்தியில் புதிய குவியல் அவர் நெஞ்சளவு நின்றது. பனி வந்து கிழவிப் பாறையின் மூக்கை விழுங்கியது, பிறகு மோவாயை. வைத்திலிங்கம் குவியலின் முன்னால் நின்று, இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டார்.

"எது அவ கல்லுன்னே தெரியலையே, குருவே."

சுகந்தினி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கீழே, பனிக்குள், காலடிச் சத்தமும் பேச்சுக் குரலும் கேட்டன. யாரோ ஒருவர் மற்றவரிடம் வழி எது என்று கேட்பது போல இருந்தது.

"கொஞ்சம் விலகி நில்லுங்கோ ஐயா" என்றாள். "கல்லு தெரியேல்லை. ஆக்கள் வருகினம்."