தேரிமணலில் ஒரு மரச்சட்டம்

தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகள் காற்று தள்ளிய பக்கமெல்லாம் நகர்ந்துவிடும். அவற்றை ஒட்டிய ஊரில், நில் என்றால் நின்ற இடத்திலேயே நிற்கிறவன் சித்திரைக்கனி.

அன்று சாயங்காலம் அவனுக்கு நிச்சயதார்த்தம். வேலையில்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று பெண்ணின் அப்பா அருளப்பன் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் தேரிச் செடிகளை வகைபிரிக்க வந்த கல்லூரி அம்மாவிடம் காலையில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கூடவே கூட்டாளிகள் கோயில்பிச்சையும் லிங்கத்துரையும்.

அம்மா ஒரு பெரிய மரச்சட்டத்தை மணலில் போட்டார்.

"இதுக்குள்ள இருக்கிறதெல்லாம் ஒரே கூட்டம். எதையும் வெளியே எடுக்காதீங்க. எது அதிக இடம் பிடிச்சிருக்கோ, அதன் பேரைக் கூட்டத்துக்கு வைங்க."

சொல்லிவிட்டு அடுத்த மேட்டுக்குப் போனார்.

நன்றாகப் பார்க்கவேண்டுமென்று மூவரும் சட்டத்துக்குள் இறங்கினார்கள். கொஞ்சம் கொழுஞ்சி, எருக்கு, நெருஞ்சி.

"ஏலே, நாமளும் உள்ளதான நிக்கோம்?" என்றான் கோயில்பிச்சை.

குனிந்து பார்த்தார்கள். உள்ளேதான் நின்றார்கள்.

"அப்ப வெளிய போவக் கூடாது" என்றான் லிங்கத்துரை.

"எனக்கு நிச்சயம்லா!"

"போ. கூட்டம் குறையும், வேலை போவும், பொண்ணும் போவும்."

சித்திரைக்கனி பெண்ணை நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

ஒரு வெள்ளாடு வந்து கொழுஞ்சியைத் தின்றது. உள்ளே வந்துவிட்டதே! கொம்பைப் பிடித்து அதையும் நிறுத்திக்கொண்டார்கள்.

சாயங்கால வெயிலில் மணல் இன்னும் சிவந்துகொண்டிருந்த வேளையில், பட்டுவேட்டி சரசரக்க அருளப்பன் வந்தார்.

"வீடு நிறைய ஆளு காத்துக் கெடக்கு. நீ இங்க ஆடு புடிச்சுக்கிட்டா நிக்க?"

சட்டத்துக்குள் கால்வைத்து அவன் காதைப் பிடித்தார்.

"மாமா, உள்ள வந்துட்டியளே!"

இனி விடலாமா? மூவரும் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். நெருஞ்சிமேல் பொத்தென்று உட்கார்ந்தார். பெரிய சரீரம். சட்டத்தில் பாதி மறைந்துபோயிற்று.

அந்நேரம் அம்மா திரும்பி வந்தார். "என்ன கூட்டம் இது?"

"அருளப்பன் கூட்டம், அம்மா. மாமாதான் அதிக இடம்" என்றான் சித்திரைக்கனி.

அருளப்பன் அவன் காதை விட்டார். "இந்தத் தேரிக்கு எம்பேரா, மாப்ள?"

"எல்லாரும் முதல்ல வெளியே வாங்க!" என்று கத்தினார் அம்மா.

"நல்லாயிருக்கே! நான் வந்துட்டா பேரு ஆட்டுக்குல்லா போயிரும்?" அருளப்பன் இன்னும் அகலமாக உட்கார்ந்துகொண்டார். "நீங்கதான வெளிய நிக்கிய? ஒரு எட்டு எங்க வீட்டுக்குப் போயி, பொண்ணையும் நிச்சயத்தட்டையும் கூட்டியாந்திருங்க. எங்க அண்ணன் நானும் வாறேம்பாரு, அவர மட்டும் கூட்டியாந்திராதிய. அவரு என்னையவிடப் பெருத்த ஆளு."