ஈரத்து மேல தார்

பூசைக்கு வைக்கும் வெள்ளிக் கிண்ணம் மடத்தில் காணாமல் போனது. மடத்துக் காரியங்களைப் பார்க்கும் திருஞானம் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பந்தியில் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது, சமையல் பார்க்கும் சௌந்தரத்தின் துணிப்பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார். ரெண்டு சேலை, விபூதிப் பை, செத்துப்போன புருஷனின் போட்டோ. அவ்வளவுதான் விழுந்தது.

மறுநாள் கிண்ணம் அவருடைய அலமாரியிலேயே இருந்தது. வைத்ததும் அவர்தான், மறந்ததும் அவர்தான். வந்து சொன்னாரா என்றால், சொன்னார். அடுப்படிக் கொல்லை வாசலில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பதாம்!

மற்ற சீடர்களிடம் கிண்ணம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னார். எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. எடுத்தவளே பயந்துபோய்த் திருப்பி வைத்திருப்பாள் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். கேட்டால் வயிறு எரிகிறது.

சௌந்தரம் பையைக் கட்டிவிட்டாள். குருபூசை நெருங்கும் நேரத்தில் இப்படிப் பண்ணலாமா, தீட்சை வாங்கியவளுக்கு இத்தனை கோபம் ஆகுமா என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். பையைக் கொட்டியபோது வாயைத் திறக்காத அதே ஆட்கள்தான். அவள் நேரே மடத்துக் குருவான சாமியிடம் போனாள்.

"கோபத்தை விட்டாத்தான் சீடன்னா, எனக்கு இந்தத் தீட்சை வேண்டாம் சாமி."

சாமி அவளைக் காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வரச் சொன்னார்.

மாடியில் திருஞானம் தார் டப்பாவோடு நின்றார். தளத்தில் ஒட்டியிருந்த தார் ஷீட் வெடித்து, கீழே பூசை அறையில் ஒழுகிக்கொண்டிருந்தது. குருபூசைக்கு வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதே என்று, மழை விட்டும் விடாமலும் வெடிப்பில் தாரைப் பூசி, மேலே ஒரு துண்டு ஷீட்டை ஒட்டியிருந்தார். வெயில் அடித்ததும் அந்த இடம் பூரி மாதிரி உப்பிவிட்டது. இப்போது அதன் மேலேயே இன்னொரு பூச்சுப் பூச வந்திருந்தார்.

சாமி கத்தியை வாங்கி, உப்பலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. நாற்றம் தாங்காமல் கீழே இருந்த சீடர்களும் என்னவென்று பார்க்க ஏறி வந்தார்கள்.

"நல்லாத்தானே சாமி இருந்தது?" என்றார் திருஞானம்.

"உனக்கு நல்லா இருந்தது."

சாமி ஷீட்டை நாலு பக்கமும் மடக்கிவிட்டு, வெயில் உள்ளே படும்படி ஒதுங்கி உட்கார்ந்தார். திருஞானம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். சௌந்தரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் அவர் தார் டப்பாவைக் கீழே வைத்தார்.

"கிண்ணம் என் அலமாரியிலதான் இருந்தது," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "சௌந்தரம்மா எடுக்கலை. பந்தியில அவங்க பையைக் கொட்டினது என் தப்பு."

சௌந்தரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சொல்லி முடித்த தெம்பில் திருஞானம் பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இனிமே பூசிடலாமா சாமி?"

"என்னை ஏன் கேக்கிற? உள்ள காஞ்சிருச்சான்னு அந்தம்மாவைக் கேளு."