உப்புக்குப் போன தாடியன்

முந்திரிக் காட்டில் ஓர் ஆட்டு மந்தை இருந்தது. அதில் தாடியன் என்ற கிடாவிடம் மட்டும் ஒரு சைக்கிள் இருந்தது. ஆட்டுக்கு ஏது சைக்கிள் என்று கேட்காதீர்கள். ஆடு பேசுவதை நம்பிவிட்டு, சைக்கிளுக்கு மட்டும் சாட்சி கேட்பது நியாயமில்லை.

அந்தக் கோடையில் பத்து ஆடுகள் ஒன்றாகக் குட்டி போட்டன. நக்க உப்பில்லாமல் அவை வெறும் மண்ணை நக்கிக் கொண்டிருந்தன. தாடியனின் தங்கை செவலையும் அவற்றில் ஒன்று. அதன் மடியில் பால் வற்றத் தொடங்கியிருந்தது.

"கடலோரம் போய் ஆளுக்கொரு உப்புக்கட்டி கொண்டாரேன்!" என்றது தாடியன்.

"துணைக்கு யாரையாவது கூட்டிட்டுப் போண்ணே!" என்றது செவலை.

"தனியாத்தான் போவேன்! என் வேகத்துக்கு யார் ஈடு கொடுப்பா?"

விடிந்ததும் கிளம்பியது. கேரியரின் இரண்டு பக்கமும் இரண்டு பைகள் தொங்கின. பாதை கிழக்கே நேராகப் போனது. வெயில் இன்னும் ஏறவில்லை. பனைமரங்கள் வரிசையாகப் பின்னால் ஓடின. மிதிக்கிற களைப்பே தெரியவில்லை. தாடியனுக்கு உற்சாகத்தில் பாட்டு வந்தது. கேட்க ஆளில்லாமல் போனது பாட்டுக்கு நல்லதாயிற்று.

எதிரே ஒரு கொக்கு திணறித் திணறிப் பறந்து வந்தது.

"என்ன கொக்கண்ணே, இறக்கை வலிக்குதா?"

"மேல்காத்து மூஞ்சியிலேயே அடிக்குது தம்பி! உனக்கென்ன, அதே காத்து முதுகுல கை வச்சுத் தள்ளுது!"

"காத்தாவது ஒண்ணாவது! இந்தக் காலைப் பாருங்கண்ணே!" என்று இன்னும் நாலு மிதி வேகமாக மிதித்தது தாடியன்.

ஒரே மணி நேரத்தில் கடல் தெரிந்தது. தாடியன் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இவ்வளவு தண்ணீரா என்று அசைபோடக்கூட மறந்து நின்றது. அலையில் குளம்பை நனைத்தது. ஈர மணலில் இங்கும் அங்கும் ஓடியது. பிறகு உப்பள வரப்பில் சிதறிக் கிடந்த உப்பை ஆசை தீர நக்கியது. பெரிய பெரிய கட்டிகளாகப் பார்த்துப் பைக்கு ஐந்து வீதம் பத்துக் கட்டிகளைப் போட்டுக் கொண்டது.

வளையிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. "இப்பவே கிளம்புறீங்களா தாடிக்காரரே? உச்சிப்பொழுது சாய்ஞ்சா காத்து திரும்பிடும். கடல்காத்தே உங்களை வீட்டுல கொண்டுபோய் விடும். அதுவரைக்கும் நிழல்ல படுங்க!"

"வர ஒரு மணி நேரம். போகவும் ஒரு மணி நேரம். கால் என்னோடதுதானே!"

சைக்கிளைத் திருப்பி மிதித்தது. காற்று முகத்தில் மோதியது. தாடி எழும்பி வாய்க்குள் போயிற்று. துப்பிவிட்டு மிதித்தது. சைக்கிளோ நகரவே மாட்டேன் என்றது. டயரை அழுத்திப் பார்த்தது, கல்லு மாதிரி இருந்தது. செயினைக் குறை சொன்னது. பாதையைத் திட்டியது. காற்றின் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் காலையில் அடித்த பெருமையெல்லாம் என்னாவது!

மூன்று மைல் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

"பாரம் கூடிப்போச்சு, வேற ஒண்ணுமில்லை!" என்று ஒரு பையை அவிழ்த்துப் பாதையோரம் போட்டது. பை சரிந்து வாய்க்காலுக்குள் உருண்டது. தாடியன் அதைப் பார்த்தது. ஆனால் இறங்கி எடுக்கத் தெம்பில்லை. பத்தடி தள்ளியிருந்த வேப்பமரத்தடியில் விழுந்து தூங்கிவிட்டது.

உச்சிப்பொழுது சாய்ந்தது. வேப்பங்கிளைகள் மறுபக்கம் வளைந்து சலசலத்தன. தாடியன் விழித்துச் சைக்கிளில் ஏறியது. மிதிக்கக் கால் எழவில்லை. சும்மா உட்கார்ந்தது. சைக்கிள் உருண்டது! கால்களைப் பெடலிலிருந்து தூக்கிப் பார்த்தது. அப்போதும் உருண்டது!

தாடியனுக்கு வெட்கமாகப் போயிற்று. உடனே வாய்க்காலில் விழுந்த பை நினைவுக்கு வந்தது. குதித்திறங்கி ஓடியது. பையை இழுத்துப் பார்த்தால் வெறும் துணிதான் வந்தது. ஐந்து கட்டிகளும் கரைந்து தண்ணீரோடு போய்விட்டன.

பொழுது சாய்வதற்கு முன்பே காற்று தாடியனைக் காட்டில் சேர்த்தது. பத்து ஆடுகளும் ஓடி வந்தன. ஐந்து ஆடுகளுக்கு ஆளுக்கொரு கட்டி கிடைத்தது. ஆறாவதாக நின்றது செவலை.

"என் கட்டி எங்கண்ணே?"

"இன்னொரு பையில இருந்துச்சு தங்கச்சி. காத்து தள்ளினதை என் காலுன்னு நினைச்சேன். அந்த நினைப்புல உன் உப்பைத் தொலைச்சிட்டேன்."

குட்டி காலடியில் கத்திக் கொண்டிருக்க, செவலை மறுபடியும் மண்ணை நக்கக் குனிந்தது.

தனக்குக் கிடைத்த உதவியைத் தன் பலமென்று பெருமையடித்தால், அந்த நட்டம் தன்னோடு நிற்காமல் தன்னை நம்பியவர்கள் தலையிலும் விழும்.