புளிச்சங்குளத்துத் தமுக்கு

புளிச்சங்குளத்துக்காரர்கள் நல்லவர்கள். மூளையை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்க மறந்தவர்கள், அவ்வளவுதான்.

ஒருமுறை கோயில் காளைக்கு வெறி பிடித்து ஊரையே முட்டித் தள்ளியது. ஊர் கூடிச் சட்டம் போட்டார்கள்: காளை வந்தால் தமுக்கு அடிக்க வேண்டும், தமுக்குச் சத்தம் கேட்டால் எல்லோரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். நல்ல சட்டம்தான், பல உயிர் பிழைத்தது. தமுக்கை நாட்டாமை வீரபாகுவிடம் ஒப்படைத்தார்கள்.

பிறகு காளை மலைப்பக்கம் போய்விட்டது. தமுக்கு நாட்டாமையிடமே தங்கிவிட்டது. தன் ஆடுகளுக்குப் பசித்தபோதெல்லாம் அவர் தமுக்கு அடித்தார். ஊர் வீட்டுக்குள், ஆடு ஊரார் வயலுக்குள்.

ஒச்சப்பனுக்கு இருந்தது ஒரு துண்டுக் கடலைக்காடு. வருஷத்துச் சோறு அதில்தான். அதில் ஆடுகள் மேய்வதை ஜன்னல் வழியே பார்த்து அவனுக்கு வயிறு எரிந்தது.

"ஏய்யா, போய் வெரட்டுய்யா!" என்றாள் மனைவி பேச்சியம்மா.

"தமுக்கு கேக்குதுல்ல? காளை வருதுடி."

"அது ஆடுய்யா!"

"தமுக்கு அடிச்சா ஆடும் காளைதான். யோசிக்கிற வேலை நமக்கு ஒத்துவராதுன்னுதானேடி சட்டமே போட்டோம்?" தன் அறிவை நினைத்து ஒச்சப்பனுக்கே புல்லரித்தது.

பாதிக் காடு மொட்டையானதும் பங்காளி மூக்கனைக் கூட்டிக்கொண்டு நாட்டாமையிடம் போனான்.

"ஐயா, தமுக்கை யாரோ தப்பா அடிக்கிறாக. கண்காணிக்க ஒரு ஆளப் போடணும்."

"போட்ருவோம். நம்பிக்கையான ஆளாச் சொல்லு."

"ஒங்கள விட்டா யாருங்கய்யா?" என்றான் மூக்கன். அவரையே போட்டுவிட்டு இருவரும் நிம்மதியாகத் திரும்பினார்கள்.

அடுத்த தடவை ஆடு மேயும்போது நிஜமாகவே காளை வந்துவிட்டது. நாட்டாமை தமுக்கை விளாசிக்கொண்டே ஓடிவந்து ஒச்சப்பன் கதவை இடித்தார்.

"தொறடா, காளைடா!"

"தமுக்கு அடிக்கிறீகளேய்யா, எப்படித் தொறக்க?" என்றான் ஒச்சப்பன், உள்ளேயிருந்து மிகப் பணிவாக.

நாட்டாமை தமுக்கை எறிந்துவிட்டு வேப்பமரம் ஏறினார். சத்தம் நின்றது, ஊர் வெளியே வந்தது. காளை கடலைக்காட்டில் மேய்ந்துகொண்டிருந்தது.

"தமுக்கு சத்தமில்ல. அப்ப இது காளை இல்ல," என்றான் மூக்கன்.

"காளையேதான். தப்பு நம்ம மேல," என்றான் ஒச்சப்பன். "காளை எப்ப வரும்னு காளைக்குத்தானே தெரியும்? தமுக்கை அதுகிட்டயே குடுத்துருவோம். மிச்சக் கடலைய அது சம்பளமா வச்சுக்கிடட்டும்."

ஊரே ஆமாம் போட்டது. பேச்சியம்மா மடார் மடாரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதைத் தமுக்குச் சத்தமென்று நினைத்து எல்லோரும் விழுந்தடித்து ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதலில் சாத்தியது ஒச்சப்பன்.