வரிசையில் சேர்ந்த படம்

பட்டாசு ஆலை விபத்தில் செத்த பதினோரு பேருக்கு கம்பெனி வெப்சைட்டில் அஞ்சலிப் பக்கம் போட்டார்கள். அதிலும் அஞ்சலி செலுத்தும் முதலாளி குணசீலனுக்குத்தான் ஆகப் பெரிய படம்! அவர் கம்ப்யூட்டரில் ஒழுங்காக நின்ற படம், மற்றவர்களின் கம்ப்யூட்டர், போன் பிரவுசர்களில் நழுவிக் கடைசிப் பெயரை மறைத்தது. அந்தப் பெயர் சீனிப்பாண்டி. வெப்சைட் வேலை பார்க்கும் செண்பகவல்லியின் புருஷன்.

“படத்தைச் சின்னதாக்காதே. ஆனா எல்லா பிரவுசர்லயும் நேரா நிக்கணும். முடியலைன்னா வேலையை விட்டுடு,” என்றார் முதலாளி.

மறுநாள் படம் எங்கும் அசையவில்லை. இறந்தவர் வரிசையில் பன்னிரண்டாவதாக நின்றது, கீழே ‘கண்ணீர் அஞ்சலி’யோடு.

“ஏம்மா, நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“இல்லீங்கய்யா. வரிசையில சேர்த்தாத்தான் படம் நழுவாது.”

“எடுத்துத் தொலை!”

எடுத்தாள். ஒவ்வொரு போனிலும் திறந்து பார்த்தாள். சீனிப்பாண்டி எல்லாவற்றிலும் இருந்தார். வீட்டில்தான் இல்லை.